பஸ்ஸுக்கு முன்னால் முடிகிற படம்

சென்னையிலிருந்து மெயில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கடம்பூர் பூமாதேவி டாக்கீஸில் என்னுடைய ரகசிய எண்ணைப் போட்டு யாரோ தினமும் படத்தைத் தாண்ட வைக்கிறார்கள். ஏழு மாதமாக. முதல் ஆட்டத்தில் மட்டும், இடைவேளைக்குப் பிறகு. ஒரு ஆட்டத்துக்கு மூன்று தாவல், ஒவ்வொன்றும் ஒன்பது பத்து நிமிடம். அந்த நேரங்களில் நான் விளாத்திகுளத்திலோ தூத்துக்குடியிலோ இருந்ததற்குக் கம்பெனியிடமே பதிவு இருக்கிறது. எண்ணை உடனே மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் எழுத வேண்டும். எண்ணை எடுத்தவர் பெயரை எழுதினால் அவர் வெளியே. எழுதாவிட்டால் நான் வெளியே.

தியேட்டர்களில் டிஜிட்டல் புரொஜெக்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. கோவில்பட்டியைச் சுற்றி ஒன்பது தியேட்டர். படப்பெட்டி ஒழிந்து, படம் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் அளவு டிஸ்க்கில் வருகிறது. அதைத் திறக்கும் சாவி மெயிலில் வருகிறது. எத்தனை மணிக்கு ஓடியது, எங்கே நின்றது, எங்கே தாண்டியது என்று மெஷினே எழுதி வைத்துக்கொண்டு சென்னைக்கு அனுப்பிவிடும். ஓட்டவும் நிறுத்தவும் ஆபரேட்டர் போதும். தாண்ட வைக்க டெக்னீஷியனின் ஆறு இலக்க எண் வேண்டும். ஒன்பது தியேட்டருக்கும் நான் ஒரே எண் வைத்திருந்தேன். அப்படி வைக்கக் கூடாது.

கம்பெனி மேனேஜர் வேணுகோபால் போனில் பேசினார்.

“யாருன்னு உனக்கே தெரியும்ல?”

“தெரியல சார்.”

“அந்தக் கிழட்டு ஆபரேட்டர்தான்யா. வேற யாரு? பேரை எழுதி அனுப்பு, மேட்டர் முடிஞ்சுது. உன் நிலைமை இங்க எல்லாருக்கும் தெரியும். உன்னை யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல.”

என் நிலைமை என்று அவர் சொன்னது என் மனைவி செத்ததை.

அன்று மதியமே கடம்பூருக்குப் பஸ் ஏறினேன். ஏழு மாதத்தில் முதல் முறை. நடுவில் அந்தத் தியேட்டரில் ஏதாவது பழுது என்றால் திருநெல்வேலி டெக்னீஷியனைப் போகச் சொல்லிச் சமாளித்திருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே பதிலைத் தட்டினேன். ‘பூமாதேவி டாக்கீஸ் ஆபரேட்டர் சாமித்துரை என் அனுமதி இல்லாமல்’ என்று தொடங்கி நான்கு வரி. அனுப்பவில்லை. ஒரு வார்த்தை நேரில் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று இருந்தேன். வெளியே களங்களில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் தும்மினார்கள்.

ரீல் காலத்தில் பூமாதேவி டாக்கீஸில் எந்தப் படமும் முழுதாக ஓடியதில்லை. அதற்குக் காரணம் கிழக்கே எட்டு ஊரைச் சுற்றிப் போகும் கடைசி பஸ். ஒன்பது பத்துக்கு அது தியேட்டர் வாசலைத் தாண்டும். முதல் ஆட்டத்துக்கு வருகிற பெண்களில் முக்கால்வாசி அந்த எட்டு ஊர். அதில் ஒன்று எங்கள் ஊர், பதினோரு கிலோமீட்டர். வியாழக்கிழமை பெட்டி வந்ததும் சாமித்துரை படத்தின் நீளத்தைப் பார்ப்பார். ஆட்டம் ஒன்பது ஐந்தைத் தாண்டும் என்றால் இடைவேளைக்குப் பின்னால் வரும் ரீல்களில் இரண்டு பாட்டைக் கத்தரித்து எடுப்பார். போதாவிட்டால் காமெடி. அதுவும் போதாவிட்டால் கதாநாயகனின் அம்மா அழுவதில் பாதி. வெட்டியதைச் சுருட்டிப் பெயர் எழுதி பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். படம் திரும்பிப் போகும்போது அந்தந்த இடத்தில் ஒட்டி அனுப்பிவிடுவார். மதுரையிலிருந்து விநியோகஸ்தரின் ஆள் சோதிக்க வந்தால் அவருக்கு மதியம் கறிச்சோறு, மேலே சூடாக எட்டுப் போளி. மூன்றாவது ரீலில் அவர் தூங்கிவிடுவார்.

இதனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சினிமா பற்றி சில உறுதியான கருத்துகள் உண்டு. டிவியில் ஒரு பாட்டு வந்தால், “இது அந்தப் படத்துல கிடையாது” என்று அடித்துச் சொல்வார்கள். எங்கள் ஊர் பெருமாயி, ஒரு படத்தில் கதாநாயகனுக்குத் தங்கச்சியே இல்லை என்று கோவில்பட்டியிலிருந்து வந்த சம்பந்தகாரரிடம் பந்தயம் கட்டித் தோற்றாள். தங்கச்சி மொத்தமாகப் பிஸ்கட் டின்னுக்குள் இருந்திருக்கிறாள்.

நான் பி.இ. படித்தவன். எனக்கு இது அநாகரிகமாகப் பட்டது. நூறு பேர் ஒரு வருடம் உழைத்து எடுத்த படத்தை ஒரு பஸ்ஸுக்காக வெட்டுவதா என்று செல்வியிடம் பேசியிருக்கிறேன். இசக்கிசெல்வி என் மனைவி. குளத்தூர்ப் பெண். கடம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். நான் பேசுவதை எல்லாம் கவனமாகக் கேட்பாள். பிறகு என்னைப் போலவே நடித்துக் காட்டுவாள். கல்யாணமாகிப் பதினான்கு மாதம்தான்.

ஆனி மாதம் அந்தத் தியேட்டரில் மெஷின் மாட்டினேன். பழைய புரொஜெக்டரை நான்கு பேர் படி வழியாக இறக்கினார்கள். யாரும் வருத்தப்படவில்லை. சாமித்துரை இரண்டு நாள் ஏசியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இருவத்தெட்டு வருசம் அந்தச் சூட்டுல வெந்தேன் தம்பி. இத முந்தியே கொண்டாந்திருக்கப்பிடாதா?” என்றார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“இதுல பாட்ட எப்படி வெட்டுது?”

“வெட்டவே வேண்டாம் அண்ணாச்சி. ஒரு பட்டனை அமுக்கினா தாண்டிரும்.”

“அப்படிப் போடு. எந்தப் பட்டன்?”

“அது உங்களுக்கு வராது. என் ஆறு நம்பர் வேணும். தாண்டுனா சென்னைக்குத் தெரியும், அவங்க சாவியை நிறுத்திருவாங்க. இனி முழுப் படம்தான்.”

“பஸ்ஸு?”

“பஸ்காரன்கிட்டச் சொல்லுங்க.”

நான் சிரித்தேன். அவர் சிரித்தாரா என்று நினைவில்லை.

முதல் இரண்டு படம் சின்னது. மூன்றாவது படம் இரண்டே முக்கால் மணி நேரம். ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. செல்வி சென்டர் முடிந்ததும் கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு முதல் ஆட்டத்துக்குப் போனாள். போகிறேன் என்று மதியம் சொல்லியிருந்தாள். நான் தூத்துக்குடியில் ஒரு தியேட்டரில் லேம்ப் மாற்றிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் சாமித்துரை கூப்பிட்டார்.

“தம்பி, படம் முடிய ஒம்பதரைக்கு மேல ஆவும். நாப்பது பொம்பளைய இருக்காவ. அந்த நம்பரக் கொஞ்சம் சொல்லுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு.”

“முடியாது அண்ணாச்சி. பதிவாயிரும்.”

“உங்க வீட்டம்மாவும் உள்ள இருக்காவ.”

“அதுக்குன்னு?”

இதுதான் நான் சொன்னது. அதுக்குன்னு? என் மனைவி உள்ளே இருக்கிறாள் என்பதற்காக விதியை வளைத்தேன் என்று பெயர் வரக்கூடாது என்று நினைத்தேன். அந்த நிமிடம் என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

அவர், “சரி தம்பி” என்று வைத்துவிட்டார்.

படம் ஒன்பது முப்பத்தைந்துக்கு முடிந்தது. ஒன்பது முப்பத்தெட்டுக்குச் செல்வி என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் ஏணிமேல் இருந்தேன், போன் கீழே பையில் இருந்தது. கிழக்கே போன லோடு ஆட்டோ ஒன்றில், ஏற்கெனவே இருந்த ஆறேழு பேரோடு ஏறியிருக்கிறாள். பின்னால் விளிம்பில்தான் இடம். ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது வளைவில் கரிமூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று விளக்கில்லாமல் நின்றிருந்தது. கரி, இருட்டு, கரிசல் காடு. ஆட்டோக்காரன் சட்டென்று ஒடித்தான். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

இடைவேளையில் வந்த அந்த போன் விஷயம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் சாமித்துரைக்கும். துட்டி விசாரிக்க வந்தவர், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். என்றைக்காவது சொல்வார் என்று ஏழு மாதமாகக் காத்திருந்தேன். அவர் பெயரை எழுதி அனுப்பினால் தியேட்டரிலிருந்து அவர் போய்விடுவார். நான் அந்தப் பக்கம் பயமில்லாமல் வேலைக்குப் போகலாம். பஸ்ஸில் வரும்போது இதையும் யோசித்தேன்.

நான் போனபோது மேட்னி ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் ரூமில், மெஷினுக்குப் பக்கத்து பெஞ்சில், முதலாளி இராமச்சந்திரன் துண்டைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சாமித்துரை வாயில் விரல் வைத்து, என்னை வெளிப்படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“வாங்க தம்பி. சாப்பிட்டியளா?”

“ஆச்சு.”

“முதலாளி உறங்குதாவ. ஊருலயே நல்ல ஏசி இதுதான். மத்தியானச் சோத்தத் தின்னதும் நேரா இங்கன வந்துருதாவ. மெஷினுக்கு வாங்குன ஏசி, குறட்டைக்கு ஆச்சு.”

மெயிலைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை.

“இங்கிலீசா? என்னன்னு நீங்களே சொல்லுங்க.”

“படத்தைத் தாண்ட வைக்கீங்களா அண்ணாச்சி?”

“வைக்கேன்.”

“எப்ப இருந்து?”

“அதுதான் அந்தத் தாளுலயே போட்டிருப்பான்லா.”

போட்டிருந்தது. செல்வியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள்.

“நம்பர் எப்படிக் கிடைச்சுது?”

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். செல்வியின் அண்ணன் பரமசிவன் நூறு போஸ்டர் அடித்து கடம்பூர் முழுக்க ஒட்டியிருந்தான். இங்கே ஒன்று மழைக்கும் வெயிலுக்கும் தப்பி பால்கனி நிழலில் இருந்தது. இரண்டு கண், கண்ணீர், புறா. நடுவில் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த முகம். கண்ணீர் அஞ்சலி. திருமதி மா. இசக்கிசெல்வி. தோற்றம் 12.06.1990. அதற்குப் பக்கத்தில் மறைவு.

என் எண் 120690.

“ஆறு நம்பருன்னு அன்னைக்கு நீங்களே சொன்னியல்லா” என்றார் சாமித்துரை. “சின்ன வயசு ஆளு. கல்யாண நாளத்தான் வச்சிருப்பீங்கன்னு, உங்க பத்திரிகையத் தேடி எடுத்துப் போட்டுப் பாத்தேன். தொறக்கல. இங்கன பீடி குடிக்க நின்னப்ப அது கண்ணுல பட்டுது. முதல்ல மறைவப் போட்டேன். போட்ட பெறகுதான், கிறுக்குப்பயலே, மெஷினு மாட்டினது அதுக்கு முந்தியில்லான்னு எனக்கே வெக்கமாப் போச்சு. அப்புறம் தோற்றம். தொறந்துட்டு.”

ஒன்பது தியேட்டரில் அந்த எண்ணை நானும் தினமும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். விரல் தட்டும். நான் யோசிப்பதில்லை.

“உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்” என்றார். “கேட்டா இல்லம்பிய. அதான் கேக்கல.”

அன்றைக்குக் கேட்டீர்களே என்று அவர் வாயிலிருந்து வருமென்று நின்றேன். வரவில்லை. பீடியைப் படியில் தேய்த்து அணைத்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு எழுதணும். எழுதினா உங்களுக்கு வேலை போயிரும்.”

“எழுதுங்க. செஞ்சது நான்தான. தம்பி பொழைக்க வேண்டிய பிள்ளை.” பீடிக்கட்டை மடியில் செருகிக்கொண்டு, “மக வீட்டுக்குப் போயிருவேன். அவ கஞ்சி ஊத்துவா. ஊத்தும்போது நாலு வார்த்தையும் சேத்து ஊத்துவா. அவ்வளவுதான்” என்றார்.

நாலு மணிக்கு முதலாளி எழுந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் ஏசியில் சத்தம் வருகிறது என்றார். விஷயத்தைச் சொன்னேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“நெசம்மா எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. கம்பெனிக்காரன் சாவிய நிப்பாட்டிட்டாம்னா தியேட்டர மக்காச்சோளக் குடோனாத்தான் ஆக்கணும். யாரு பேர எழுதணுமோ எழுதிக்கோ. அவனுக்கும் வயசாச்சு.”

சாமித்துரை இரண்டடி தள்ளி நின்று மெஷினின் மேல் தூசி தட்டிக்கொண்டிருந்தார். எண்ணை மாற்றினேன். புது எண்ணில் ஒரு அர்த்தமும் இல்லை. வாயில் வந்த ஆறு எண்.

பதிலை அப்போதே அனுப்பியிருக்கலாம். கடைசி பஸ்ஸிலேயே போய்க்கொள்ளலாம் என்று முதல் ஆட்டத்துக்கு இருந்துவிட்டேன். ஆறு மணிக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து நேராக வந்தவர்கள், கையில் தூக்குச்சட்டியோடு. பெருமாயி முன்னால் வந்தாள். முறுக்குப் பொட்டலத்தை மடியில் மறைத்து வைத்திருந்தாள். வெளித் தின்பண்டம் உள்ளே விடமாட்டார்கள். எல்லோருக்கும் அது அங்கே இருப்பது தெரியும்.

“ஏ மாதவா, என்ன இங்கன? மெஷினுக்குச் சீக்கா?”

“சும்மா வந்தேன் பெரியம்மா.”

“நல்லாப் பாத்துவிடு. ஆனா முழுசா ஓட விட்டுராதய்யா, நாங்க வீடு போயிச் சேரணும்லா.”

சொல்லி முடித்ததும் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எனக்கு ஒரு முறுக்கு கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

படம் ஆறரைக்கு ஏறியது. இரண்டே முக்கால் மணி நேரம், அந்தப் படத்தைப் போலவே. இடைவேளை முடிந்து எட்டு இருபதுக்கு முதல் பாட்டு தொடங்கியது. சாமித்துரை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஆறு எண்ணைத் தட்டினார். மெஷின் சிவப்பில் ஒரு வரி காட்டியது. இன்னொரு முறை, ஒவ்வொன்றாக நிறுத்தித் தட்டினார். மறுபடியும் சிவப்பு. என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. சாயங்காலம் நான் மாற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான். பழக்கத்தில் தட்டியிருக்கிறார்.

எழுந்து ஆணியில் தொங்கிய டார்ச்சை எடுத்தார்.

“எங்க அண்ணாச்சி?”

“ஒம்பது மணிக்கு உள்ள போயி பஸ்ஸுக்குப் போறவியள எழுப்பி விடணும். பாதிப் படத்துல எந்திரிக்கச் சொன்னா வைவாளுக. பேட்டரி இருக்கான்னு பாக்கேன்.”

டார்ச்சை உள்ளங்கையில் தட்டினார். எரிந்தது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அப்போது என்னிடம் இருந்தது. கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து புது எண்ணைத் தட்டினேன். பாட்டு மறைந்து ஒரு கல்யாண வீடு வந்தது. கீழே யாரும் சத்தம் போடவில்லை. எட்டு முப்பத்திரண்டுக்கு ஒரு தாவல், எட்டு நாற்பத்தொன்றுக்கு ஒரு தாவல். மூன்றும் என் கையால். படம் ஒன்பது ஏழுக்கு முடிந்தது. பஸ் ஹாரன் அடித்தபோது பெண்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

போனில் இருந்த நான்கு வரியை அழித்தேன். இருநூற்று மூன்று நாளும் எண்ணைப் போட்டது என் சம்மதத்தின் பேரில்தான், ஆபரேட்டருக்கு இதில் பொறுப்பில்லை என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை வேணுகோபால் கூப்பிட்டார்.

“பைத்தியமா உனக்கு? ஒரு பேரு எழுதச் சொன்னா உன் பேரையே எழுதி வெச்சிருக்க?”

“உண்மையத்தான் சார் எழுதினேன்.”

“என்ன உண்மை? யாருக்காக இதெல்லாம்?”

செல்விக்காக என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார். அது உண்மை இல்லை. அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வேலை போனது. கூடவே, தாண்டும் வசதியை எல்லாத் தியேட்டரிலும் சென்னையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இனி எந்த டெக்னீஷியனும் எந்த எண் போட்டாலும் படம் தாண்டாது. அடுத்த மாதமே ஆட்டத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் நேரப்படி மெஷினே செய்யும்படி ஆனது. பூமாதேவி டாக்கீஸில் ஆபரேட்டர் என்று ஒருவர் தேவையில்லை என்றாகிவிட்டது. நான் என் வேலையைக் கொடுத்துக் காப்பாற்றிய வேலை ஐந்து வாரம் இருந்தது.

கோவில்பட்டியில் கேமரா மாட்டும் கடை ஒன்றில் சேர்ந்தேன். தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்க் கம்பெனி, பள்ளிக்கூடம். யார் எங்கே திருடுகிறார்கள் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. சித்திரை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி இராமச்சந்திரன் கூப்பிட்டார். தியேட்டருக்குள் நாலு கேமரா வேண்டுமாம்.

மாட்டி முடிக்கும்போது முதல் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆபரேட்டர் ரூமில் யாரும் இல்லை. மெஷின் தனியாக ஓடிக்கொண்டிருந்தது, ஏசியோடு. சாமித்துரை கீழே வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரத்தில் திரும்பிவிட்டாராம்.

“அவ ஊத்துனது கஞ்சி கம்மி, வார்த்தை ஜாஸ்தி” என்றார்.

ஒன்பது மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கதவருகே நின்றேன்.

“ஏட்டி, எந்திரிங்க! பஸ்ஸு வந்துரும்!”

“இரும் ஓய், இப்பத்தான் அவன் அரிவாளத் தூக்கியிருக்கான்!”

“வெட்டிருவான், வெட்டிருவான். நீ நட.”

“யாரன்னு சொல்லும், போறோம்.”

“நான் என்னத்தக் கண்டேன்? எனக்கும் இங்கன வாசல்லதான சோலி.”

முனகிக்கொண்டு, திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, எல்லோரும் வெளியே வந்தார்கள். பெருமாயி என்னைக் கவனிக்கவில்லை. அவன் செத்திருப்பானா மாட்டானா என்று இன்னொருத்தியோடு சண்டை போட்டுக்கொண்டே பஸ் ஏறினாள். முன்பு அவர்களுக்குப் படத்தின் நடுவில் கொஞ்சம் இல்லாமல் இருந்தது. இப்போது முடிவு இல்லை.

பஸ் போனது. வாசலில் நானும் அவரும் மட்டும். உள்ளே அரிவாள் சத்தம் கேட்டது.

“அண்ணாச்சி. அன்னைக்கு இப்படிப் போயிக் கூப்பிடலையா?”

டார்ச்சை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைத்தார்.

“கூப்பிட்டேன் தம்பி. போன வச்ச பெறகு, ஒம்பது மணிக்கு உள்ள போயிக் கூப்பிட்டேன். நாப்பது பேரும் எந்திரிச்சாவ. கூட வந்த பிள்ளைகளும் எந்திரிச்சுட்டு. அவிய மட்டும் எந்திரிக்கல.”

“ஏன்?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு தாயின்னேன். ‘போங்க அண்ணாச்சி, முழுப் படத்தையும் எல்லாரும் பாக்கணும்னுதான் எங்க வீட்டுக்காரர் மெஷினு மாட்டியிருக்காரு. ஒரு ஆளாவது முழுசாப் பாக்காண்டாமா’ன்னாவ. உங்கள மாதிரியே கையை ஆட்டிப் பேசிக் காட்டுனாவ. அந்தப் பிள்ளைக சிரிச்சுட்டு.”

மிச்சக் கேமரா வயரைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

“அந்தப் பிள்ளைகள்ட்ட நான்தான் சொல்லி வச்சேன், உங்க காதுல போடாதீங்கன்னு. நீங்க கேக்காட்டா நானும் சொல்லியிருக்க மாட்டேன்.”

“சரி அண்ணாச்சி” என்றேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிழக்கே வந்தேன். அந்த வளைவில் யாரோ வேலிக்கருவேல மரத்தில் சிவப்பு வில்லை அடித்து வைத்திருந்தார்கள். விளக்கு வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று தெரிந்தது.

சித்திரை முதல் நாள் அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். செல்வி பார்த்த படம். அம்மா சேனலை மாற்றப் போனாள், வேண்டாம் என்றேன். விளம்பரங்களோடு நாலு மணி நேரம் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். கடைசி முப்பது நிமிடத்தை இன்னும் கவனமாகப் பார்த்தேன். மோசமான படம். இரண்டு கார் மோதிக்கொள்கின்றன. வில்லன் கதாநாயகனின் சித்தப்பா என்று தெரிகிறது. அவன் திருந்துகிறான். எல்லோரும் ஒரு கோயில் வாசலில் நின்று சிரிக்கிறார்கள். உட்கார்ந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை.